குடத்தில் விழாத பெயர்கள்

ஊரும் உள்ளமும் – பகுதி 9

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல், உத்திரமேரூர்ச் சபையார் கூடி, வாரியங்கள் எனப்பட்ட குழுக்களுக்கு ஆள் எடுக்கும் முறையை வகுத்துக் கல்லில் வெட்டினார்கள். இரண்டே ஆண்டுகள். 921இல் அதே சபை திரும்பவும் கூடியது. பழைய விதியைத் திருத்தி, இன்னும் விரிவாக எழுதியது. இரண்டு தடவையும் அரசனின் ஆணையோடு அதிகாரி ஒருவர் வந்து உடனிருந்தார். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இரண்டு கல்வெட்டுகளும் இன்றும் இருக்கின்றன.

இந்தக் குடவோலை முறை என்றால் தேர்தல் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் பொறுமையாகப் படிக்கும்போது வேறொன்று கண்ணில் படும். யார் பெயரை ஓலையில் எழுதவே கூடாது என்பதற்குச் சபையார் நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தீயவர் கெட்டு நல்லவர் தழைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் விதியை மாற்றி எழுத நேர்ந்தது என்றால், நடுவில் யாரோ சிலர் பொறுப்பில் இருந்துகொண்டு ஊரைப் படுத்தியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்ற பகுதியில், 1794இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த மனநலக் காப்பகத்தின் கதையைப் பார்த்தோம். அங்கே அடைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் புத்தி தடுமாறியவர்கள். இந்தப் பகுதி இன்னொரு வகை மனிதர்களைப் பற்றியது. புத்தி தெளிவாக இருக்கும், பேச்சு இனிக்கும், எதிரில் இருப்பவர் அழுதாலும் துடித்தாலும் உள்ளே ஒன்றும் அசையாது. மருத்துவம் இதைச் சைக்கோபதி என்கிறது. இப்படிப்பட்ட ஒருவரை எப்படி அடையாளம் காண்பது, கண்டபின் என்ன செய்வது, அவர் மாறுவாரா என்ற மூன்று கேள்விகளோடு உலகின் பல நாடுகளில் ஓர் ஆய்வாளர் கூட்டம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அதே மூன்று கேள்விகளை ஓர் ஏரிக்கரை ஊர் தன் அளவில் கேட்டுக்கொண்டதால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

பல்லவர் காலத்தில் உருவான சதுர்வேதிமங்கலம் இது. வயிரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரி ஊரை வாழவைத்தது. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் அனைவரும், சிறுவர் பெரியவர் என்று சபை முழுவதும் கூடியிருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைக்க முடியாது. மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதைக் கண்டு அனுபவித்தவர்கள் எழுதிய விதி இது.

இப்படி எடுத்தவர்களில் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். அதற்குள் குற்றம் கண்டால் அப்போதே விலக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரை மறுபடி எழுதக் கூடாது.

விலக்கப்பட்டவர்களின் பட்டியலில் முதலில் வருபவர், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர். பெரும்பாதகம் செய்தவர்கள் பிறகுதான் வருகிறார்கள். அடுத்தடுத்துப் பிறர் பொருளைக் கவர்ந்தவர், துணிந்து வன்செயலில் இறங்குகிறவர், முறைதவறிய உறவு கொண்டவர், ஊருக்கு முள்ளாக இருந்தவர் என்று நீள்கிறது. கணக்கு எழுதுகிறவருக்கும் தனி விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து காட்டி, நேர்மையானவர் என்று பெரியோர் ஏற்ற பிறகே அவர் மறுபடி கணக்கெழுதலாம். அவருக்குப் பதில் வேறொருவர் வந்து கணக்கை முடித்துவைக்கக் கூடாது.

ஒருவர் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று சபை கேட்கவில்லை. அவர் நல்லவராகத் தோன்றுகிறாரா, நயமாகப் பேசுகிறாரா என்றும் பார்க்கவில்லை. கணக்கைக் காட்டினாயா, என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டது. நம் காலத்து ஆய்வாளர்கள் பெரும்பாடுபட்டு வந்து சேர்ந்த இடத்துக்கு இது மிக அருகில் இருக்கிறது.

ஆனாலும் இதைத் தூக்கிக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி என்ற தகுதிகள் ஊரின் பெரும்பகுதியினரை முதலிலேயே வெளியே நிறுத்திவிட்டன. ஏரி நீரைப் பாய்ச்சி உழுதவர் பெயரோ, பெண்கள் பெயரோ எந்தக் குடத்திலும் விழ வழியில்லை. கணக்குக் காட்டாதவரோடு அவருடைய அண்ணன் தம்பி, மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை மகன், சின்னம்மா மகன் வரை அத்தனை உறவையும் சேர்த்தே விலக்கினார்கள். பினாமி வைத்து ஆள்வதைத் தடுக்க அது உதவியிருக்கும். கூடவே, ஒருவன் செய்த குற்றம் உறவின் வழியே ஒட்டும் என்ற எண்ணமும் அதில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சில குற்றங்களுக்குப் பரிகாரம் செய்து தூய்மையடைந்தவர்கூட ஆயுள் முழுவதும் வாரியத்துக்கு வர முடியாது. சடங்கு அவரைச் சுத்தமாக்கியதை ஏற்ற சபை, அவர் மாறிவிட்டார் என்று நம்பத் தயாராக இல்லை.

உறவின் வழியே குற்றம் ஒட்டும் என்ற அந்த எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு இதே மண்ணில் எவ்வளவு கொடிய வடிவம் எடுத்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஐரோப்பாவில் 1801இல் பாரிஸ் மருத்துவர் பிலிப் பினெல், மாயத்தோற்றமோ குழப்பமோ இல்லாமல் வெறியாட்டம் மட்டும் கொண்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் ஒருவன் செல்லம் கொடுத்து வளர்க்கப்பட்ட செல்வந்தன். கோபத்தில் ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளியவன். 1835இல் இங்கிலாந்தின் பிரிச்சர்ட் இதை ஒழுக்க உணர்வின் பிறழ்வு என்றார். 1888இல் ஜெர்மனியின் கோக் சைக்கோபதி என்ற சொல்லை மருத்துவத்தில் நிலைநிறுத்தினார். இவர்கள் எல்லாரும் தனி ஆட்களைப் பார்த்து எழுதியவர்கள். நடுவில் 1876இல் இத்தாலியின் லொம்ப்ரோசோ, குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி என்றும் மண்டையோட்டையும் தாடையையும் அளந்தால் தெரியும் என்றும் எழுதினார். அந்தக் கருத்துக்கு உலகெங்கும் ஆதரவாளர்கள் கிடைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் தலையையும் அளந்து சாதிகளை வகைப்படுத்திக்கொண்டிருந்ததும் அந்தக் காலத்தில்தான்.

பிரிட்டிஷ் அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்திலும் அமலானது. தனி ஒருவனின் செயலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பிறந்த சாதியே போதும். கைரேகை பதிய வேண்டும், அனுமதிச் சீட்டில்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துத் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. மனிதனின் இயல்பை அளக்கிறோம் என்று யார் கிளம்பினாலும் நான் முதலில் பெருங்காமநல்லூரை நினைத்துக்கொள்வேன். தமிழ் வாசகர்களும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தனி மனிதனை நோக்கி ஆய்வு திரும்பியது அமெரிக்காவில். ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் ஹெர்வி கிளெக்லி என்ற மனநல மருத்துவர், தன்னிடம் வந்த நோயாளிகளின் வாழ்க்கையை வைத்து 1941இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட பலர் கொலைகாரர்கள் அல்லர். நல்ல குடும்பம், நல்ல அறிவு, வசீகரமான பேச்சு. ஆனால் பொய்க்குக் கூச்சமில்லை, செய்ததற்கு வருத்தமில்லை, பட்டும் திருந்துவதில்லை. பெற்றோரைக் கடனில் தள்ளுவார்கள். மனைவியை நடுத்தெருவில் விடுவார்கள். மறுநாள் சிரித்தபடி வந்து நிற்பார்கள். வெளியே தெரியும் நிதானமே முகமூடி என்பதுதான் கிளெக்லி சொன்ன செய்தி. பார்த்துப் பேசி மட்டும் இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது.

அதைத் தன் தோலில் உணர்ந்தவர் ராபர்ட் ஹேர். 1960இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சிறையில் உளவியலாளராக வேலைக்குச் சேர்ந்தபோது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். அந்தச் சிறைக்கே அவர் ஒருவர்தான் உளவியலாளர். வேலையில் சேர்ந்த சூட்டிலேயே ஒரு கைதி அவருடைய அறைக்குள் வந்தான். ஹேர் பிற்காலத்தில் எழுதிய நூலில் அவனுக்கு ரே என்று பெயர். வந்தவன் கையால் செய்த கத்தியொன்றை எடுத்து ஹேர் முகத்தெதிரே ஆட்டினான். வேறொரு கைதியைக் குத்தப் போவதாகச் சொன்னான். ஹேர் அதை மேலதிகாரிகளிடம் சொல்லவில்லை. சொன்னால் கைதிகளின் நம்பிக்கை போய்விடும் என்ற பயம். அந்த ஒரு மௌனத்தில் அவர் ரேயின் பிடிக்குள் போனார். எட்டு மாதமும் அவன் சலுகை கேட்டு வந்தபடி இருந்தான். ஹேர் பரிந்துரைத்தார், அவனுக்கு வேலைகள் கிடைத்தன, ஒவ்வொன்றையும் அவன் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டான். ஹேர் வேலையை விட்டுப் படிக்கக் கிளம்பும்போது சிறைப் பணிமனையில் பழுது பார்த்த அவருடைய காரின் பிரேக், மலையிறக்கத்தில் பிடிக்காமல் போயிற்று. ரே அப்போது அந்தப் பணிமனையில்தான் இருந்தான்.

உளவியல் படித்த ஒருவரையே இப்படிச் சுற்றிவிட முடியும் என்பதுதான் ஹேரின் வாழ்நாள் ஆய்வுக்கு வித்து. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, திரும்பவும் அதே சிறைக் கைதிகளிடம் போனார். 1960களில் அவர் செய்த சோதனை ஒன்று புகழ்பெற்றது. 1 முதல் 12 வரை எண்கள் வரிசையாக வரும். 8 வரும்போது மின்னதிர்ச்சி கிடைக்கும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். சாதாரண ஆட்களுக்கு 8 நெருங்க நெருங்க உள்ளங்கை வியர்க்கும். சைக்கோபதி இயல்புள்ளவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. வரப்போகும் வலி அவர்களுக்கு முன்கூட்டியே வலிப்பதில்லை. தண்டனை ஏன் இவர்களைத் தடுப்பதில்லை என்பதற்கு அது முதல் தடயம். பின்னாளில் சொற்களை வைத்துச் செய்த சோதனையில், உணர்ச்சி நிறைந்த சொல்லும் வெறும் சொல்லும் அவர்கள் மூளையில் ஒரே மாதிரிதான் பதிகின்றன என்று அவரும் அவருடைய மாணவர்களும் கண்டார்கள்.

ஆனால் ஆய்வுலகில் ஒரு குழப்பம். ஒருவர் சைக்கோபாத் என்று அழைத்த ஆட்களை இன்னொருவர் வேறு விதமாக வகைப்படுத்தினார். யார் யாரைப் படிக்கிறார்கள் என்றே ஒப்பிட முடியவில்லை. எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும் என்று 1980இல் ஹேர் ஒரு பட்டியலை வெளியிட்டார். அதைத் திருத்திய வடிவம் 1991இல் வந்தது. மொத்தம் 20 கூறுகள்: மேலோட்டமான வசீகரம், தற்பெருமை, பழகிப்போன பொய், குற்றவுணர்வின்மை, இரக்கமின்மை, பிறரை உறிஞ்சி வாழ்தல், சிறுவயதிலேயே தொடங்கிய நடத்தைச் சிக்கல்கள் இப்படி. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். உச்சம் 40. வட அமெரிக்காவில் 30ஐத் தொட்டால் சைக்கோபதி என்று கொள்வது வழக்கம். மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம், அங்கத்திய சிறைகளில் 15 முதல் 25 சதவீதம் இந்த வரையறைக்குள் வருவார்கள் என்பது ஹேர் தரப்பு மதிப்பீடு.

இந்த அளவுகோலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மதிப்பெண்ணைவிட அதைப் போடும் முறை. கைதியோடு நேரில் நெடுநேரம் பேச வேண்டும். அதோடு நிற்கக் கூடாது. பள்ளிப் பதிவு, காவல்துறை ஆவணம், வேலை கொடுத்தவர் சொன்னது, குடும்பத்தார் சொன்னது, சிறை நடத்தைக் குறிப்பு எல்லாவற்றையும் படித்து ஒப்பிட வேண்டும். கோப்பு இல்லாமல் பேச்சை மட்டும் நம்பி மதிப்பெண் போடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இனிக்க இனிக்கப் பேசுகிறவனைப் பேச்சால் அளக்க முடியாது என்று ரே கற்றுக்கொடுத்த பாடம் அது. கணக்கைக் காட்டு, நீயே கொண்டுவந்து காட்டு என்று உத்திரமேரூர்ச் சபை சொன்னதும் இதே அனுபவத்திலிருந்து வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அளவுகோல் கிடைத்ததும் ஆய்வு பெருகியது. 2005இல் சைக்கோபதி ஆய்வாளர்களுக்கென்றே ஓர் அறிவியல் சங்கம் உருவானது. 2007இல் நியூ மெக்சிகோவில் கென்ட் கீல் என்ற ஆய்வாளர், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியை லாரியில் ஏற்றிச் சிறை வளாகத்துக்குள்ளேயே கொண்டுபோய்க் கைதிகளின் மூளையைப் படம் பிடிக்கத் தொடங்கினார். பயத்தையும் பிறர் வலியையும் உணரும் பகுதிகளில் வேறுபாடுகள் தெரிந்தன. கூட்டத்துக்குள் சண்டையும் வந்தது. குற்றம் செய்ததையே சைக்கோபதியின் அடையாளமாக எண்ணலாமா, குற்றம் அதன் விளைவு மட்டும்தானா என்று ஜெனிபர் ஸ்கீம், டேவிட் குக் இருவரும் ஒரு கட்டுரையில் கேள்வி எழுப்பினார்கள். தன் கருத்தைத் திரித்துவிட்டார்கள் என்று ஹேர் வழக்குத் தொடுக்கப்போவதாக எச்சரித்தார். ஏற்கப்பட்ட கட்டுரை அச்சேறாமல் கிடந்து, 2010இல்தான் வெளிவந்தது. அறிவியலில் கருத்து வேறுபாட்டைத் தீர்க்கும் இடம் நீதிமன்றம் அன்று. ஹேரின் பணியை மதிக்கிற நான், இந்த ஒன்றில் அவர் பக்கம் நிற்க மாட்டேன்.

அதைவிடக் கவலைதரும் கண்டுபிடிப்பு 2013இல் வந்தது. டேனியல் முரி குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்ட தடயவியல் உளவியலாளர்களையும் மனநல மருத்துவர்களையும் கூலி கொடுத்து அமர்த்தினார்கள். ஒரு பாதியினரிடம் நீங்கள் அரசுத் தரப்புக்கு வேலை செய்கிறீர்கள் என்றார்கள். மறு பாதியினரிடம் எதிர்த்தரப்புக்கு என்றார்கள். கொடுத்தது ஒரே கோப்புகள். அரசுத் தரப்பு என்று நம்பியவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். எதிர்த்தரப்பு என்று நம்பியவர்கள் குறைத்துப் போட்டார்கள். யார் சம்பளம் தருகிறார்கள் என்பது அளவுகோலுக்குள் புகுந்துவிட்டது. அமெரிக்காவில் இந்த மதிப்பெண்ணைக் காட்டி மரண தண்டனை கேட்கும் பழக்கம் இருந்ததால், இதன் பொருள் ஓர் உயிர். சிறைக்குள் வன்முறை செய்வார் என்று கணிக்க மரண தண்டனை வழக்குகளில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020இல் துறை வல்லுநர்கள் சிலர் கூட்டாக அறிக்கை விட்டார்கள்.

மூன்றாவது கேள்வி: மாறுவார்களா? கனடாவின் ஓக் ரிட்ஜ் காப்பகத்தில் 1960களின் இறுதியில் எலியட் பார்க்கர் என்ற மருத்துவர் தீவிரமான கூட்டுச் சிகிச்சை ஒன்றை நடத்தினார். நோயாளிகள் ஒருவரையொருவர் குடைந்து விசாரிக்க வேண்டும். நாள்கணக்கில் ஆடையின்றி ஒரே அறையில் அடைந்திருக்க வேண்டும். 1992இல் வெளியான பின்தொடர் ஆய்வின்படி, அங்கே சிகிச்சை பெற்ற சைக்கோபாத்துகள், சிகிச்சையே பெறாதவர்களைவிட அதிகமாக வன்குற்றங்களில் இறங்கியிருந்தார்கள். பிறர் மனத்தைப் படிக்கும் வித்தையை அந்தச் சிகிச்சை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இவர்கள் திருந்தவே மாட்டார்கள் என்ற எண்ணம் அதோடு ஊன்றிவிட்டது. ஆனால் 1995இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மென்டோட்டாவில் கொடுங்குற்றம் புரிந்த சிறுவர்களுக்காகத் தொடங்கிய மையம் வேறு வழியில் போனது. தண்டனையைக் குறைத்து, நாள்தோறும் நடத்தையைக் கவனித்து, நல்ல நடத்தைக்கு உடனுக்குடன் சலுகை கொடுத்தார்கள். அங்கிருந்து வெளியே போனவர்கள், மற்ற இடங்களிலிருந்து போனவர்களோடு ஒப்பிட்டால், வன்குற்றத்தில் மீண்டும் இறங்குவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆயுள் முழுவதும் விலக்கி வைப்பதற்கு மாற்று இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று இது.

இனி நம் பக்கம். உத்திரமேரூர் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1991 மே 31 அன்று செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம், ஆறு கொலைகளுக்காக ஆட்டோ சங்கர் எனப்பட்ட கௌரி சங்கருக்கு மரண தண்டனை விதித்தது. தமிழ்நாடே அந்த வழக்கை வாசித்தது. கொடியவன், மிருகம், சைக்கோ என்று பத்திரிகைகளும் தேநீர்க்கடைகளும் ஒரே குரலில் பேசின. செங்கல்பட்டுக் கிளைச்சிறையில் இருந்தபடி அவர் தன் வரலாற்றை எழுதினார். தனக்கும் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்கும் இருந்த நெருக்கத்தை அதில் சொல்லியிருந்தார் என்கிறது வழக்கு ஆவணம். நக்கீரன் இதழ் அதை வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு தனியுரிமைச் சட்டத்தில் ஒரு மைல்கல் ஆயிற்று. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மனம் எப்படிப்பட்டது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒருவனை மிருகம் என்று சொல்லி முடித்துவிட்டால், அவனோடு யார் யார் உட்கார்ந்தார்கள், யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற கணக்கு கேட்கப்படாமலே போய்விடுகிறது. அதுதான் என் வருத்தம்.

சைக்கோ என்ற சொல் நம் சினிமாவிலும் செய்தியிலும் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது. 1960களில் பம்பாயை நடுங்கவைத்த ராமன் ராகவை மருத்துவர்கள் ஆராய்ந்து, நாள்பட்ட மனச்சிதைவு நோய் என்றார்கள். மரண தண்டனை ஆயுள் தண்டனையானது. அது வேறு நோய். அவருக்குக் குரல்கள் கேட்டன, உலகம் தன்னைத் துரத்துவதாக நம்பினார். மனச்சிதைவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்தாதவர்கள், துன்பத்துக்கு ஆளாகிறவர்கள். சைக்கோபதி உள்ளவனுக்கோ தான் செய்வது என்ன, அது தவறு என்பதெல்லாம் தெரியும். அதனால்தான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் தரும் விலக்கு அவனுக்குக் கிடைப்பதில்லை.

1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் திருந்த வாய்ப்புண்டா, சமூகத்துக்குத் தொடர்ந்து ஆபத்தாக இருப்பாரா என்று பார்த்தே மரண தண்டனையை முடிவு செய்ய வேண்டும் என்றது. யார் பார்ப்பது, எதைக் கொண்டு பார்ப்பது? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிபதிகள் பெரும்பாலும் குற்றத்தின் கொடுமையைப் பார்த்தே ஆளின் இயல்பை ஊகித்தார்கள். 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் நீதிமன்றம் அதை மாற்றியது. மரண தண்டனைக்குரிய வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவரின் மனநல, உளவியல் மதிப்பீட்டை அரசே முன்வைக்க வேண்டும். வளர்ந்த குடும்பம், பட்ட வன்முறை, படிப்பு, வருமானம், முந்தைய குற்றங்கள், சிறையில் செய்த வேலை, நடத்தை எல்லாம் கோப்பில் வர வேண்டும். இதை நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன்.

ஆனால் அந்தக் கோப்பை எழுதப்போவது யார் என்பதில்தான் என் கவலை எல்லாம். ஹேரின் அளவுகோல் வட அமெரிக்கச் சிறைக் கைதிகளைக் கொண்டு உருவானது. அதில் நெடுங்கால இலக்கு இல்லாமை ஒரு கூறு. பொறுப்பற்ற வாழ்க்கை இன்னொன்று. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வேலைக்குப் போகும் ஓர் இருளர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். முதலாளி சொல்லும் இடத்தில் தங்குவான். பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு பாதியில் நிற்கும். முன்பணம் கழியாமல் ஓடினால் கடனைக் கட்டாதவன் என்று பேர். எங்கே திருட்டு நடந்தாலும் காவல்துறை முதலில் இருளர் குடியிருப்புக்கு வருகிறது என்பது அந்த மக்களின் நெடுநாள் முறையீடு. ஆகவே காவல் நிலையப் பதிவேட்டில் அவன் பெயர் ஏற்கெனவே இருக்கலாம். நிலையான முகவரி இல்லை, வேலையில் நிலைப்பதில்லை, கடனைத் தீர்ப்பதில்லை, பழைய வழக்கு உண்டு என்று ஒரு கோப்பு அவனைப் பற்றிப் பேசினால், இந்த மாவட்டத்தின் வாழ்க்கை தெரியாத மதிப்பீட்டாளர் எத்தனை 2 போடுவார்? நேரே அவனுடைய குடிசைக்குப் போய், சூளைக்குப் போய், முன்பணக் கணக்கையும் பார்த்துவிட்டு எழுதுகிற நன்னடத்தை அலுவலரும் உளவியலாளரும் மாவட்டந்தோறும் தேவை. தமிழில் பேசிப் பழகியவர்களாக, எந்தத் தரப்பிடமும் கூலி வாங்காதவர்களாக அவர்கள் இருக்க வேண்டும்.

குற்றம் செய்த சிறுவர்களைச் சிறையில் தள்ளாமல் தொழில் கற்றுக்கொடுத்துத் திருத்தலாம் என்ற நம்பிக்கையில், 1876ஆம் ஆண்டுச் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டத்தின் வழியே செங்கல்பட்டில் ஒரு பள்ளி எழுந்தது. 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியபோது அந்தப் பள்ளியின் கதையும் மாறியது. மென்டோட்டாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் பாலாற்றங்கரையில் நடந்த அந்த முயற்சியை, அதன் நல்லதும் கெட்டதுமாக, அடுத்த பகுதியில் பார்ப்போம்.